வீட்டுக்கு முன் வழி, வழிக்கு முன் வடிகால்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

நாற்று விடுவதற்கு முன் வாய்க்காலைத் தூர் எடுப்பது நம் உழவர் வழக்கம். எத்தனை ஏக்கர் நடவு என்பதைக் கணக்கிட்ட பின்னரே மடையை எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வார்கள். நீர் வரும் வழியும் போகும் வழியும் தெரியாத நிலத்தில் விதையை இறைப்பவனைக் கண்டு ஊரே நகைக்கும். வயலில் இவ்வொழுங்கைத் தவறாது கடைப்பிடிக்கும் நாம், அதே வயல் வீட்டு மனைகளாகப் பிரியும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம். முதலில் மனை விற்கிறது. பின்னர் வீடு எழுகிறது. அதற்குப் பின்னர் சாலை கேட்டு மனுக் கொடுக்கிறோம். கடைசியில், கூடத்துக்குள் மழைநீர் புகுந்த பிறகு, வடிகால் எங்கே என்று தேடுகிறோம். வரிசை முற்றிலும் தலைகீழாகி விடுகிறது.

நகரங்களை அடுத்துள்ள ஊராட்சிகளின் அங்கத்தினர்களும், அங்கு நிலம் வைத்திருக்கும் உழவர் பெருமக்களும் இவ்வரிசையை எவ்வாறு நேராக்கலாம் என்பதைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிராமம் நகராகும் விதம்

கிராமம் ஒன்று ஒரே நாளில் நகரமாகிவிடுவதில்லை. முதலில் நெடுஞ்சாலை ஓரத்து நிலம் விற்கிறது. அடுத்து, ஊருக்குள் வரும் சாலையின் இருபுறமும் எல்லைக் கற்கள் முளைக்கின்றன. சில ஆண்டுகளில், உழவில் இருப்போரைக் காட்டிலும் வெளியூருக்கு வேலைக்குச் செல்வோர் மிகுந்துவிடுகின்றனர்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்புத் துறையினர் இத்தகைய ஊர்களை அடையாளம் காண மூன்று அளவுகோல்களை வைத்துள்ளனர். ஊரின் மக்கள் தொகை 5,000க்குக் குறையாதிருக்க வேண்டும்; ஒரு சதுர கிலோமீட்டரில் 400 பேருக்குக் குறையாமல் வசிக்க வேண்டும்; வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது உழவு அல்லாத தொழில்களில் இருக்க வேண்டும். இம்மூன்றும் பொருந்தியும் நகராட்சியாகவோ பேரூராட்சியாகவோ ஆகாத ஊர்களைக் கணக்கெடுப்பு நகரங்கள் என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டில் இவ்வகை ஊர்கள் 111 இருந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் அவை 376 ஆகிவிட்டன. வாழ்க்கையால் நகரம், ஆட்சியால் கிராமம் என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் நூற்றுக்கணக்கான ஊர்கள் பத்தே ஆண்டுகளில் சேர்ந்தன என்பதையே இவ்வெண்கள் காட்டுகின்றன.

சென்னையைச் சுற்றி நிகழ்ந்தது அனைவரும் அறிந்ததே. 2011ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அப்போது அதில் சேர்ந்த 42 உள்ளாட்சி அமைப்புகளில் 25 கிராம ஊராட்சிகள். காரப்பாக்கம், செம்மஞ்சேரி, மடிப்பாக்கம் முதலியவை அவற்றுள் அடங்கும். மாநகராட்சியில் சேர்ந்தவுடன் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மடிப்பாக்கத்தில் பாதாளச் சாக்கடை வேலைக்காகத் தெருக்கள் தோண்டப்பட்டுப் பல ஆண்டுகள் மக்கள் அவதியுற்றனர். ஊராட்சியாக இருந்த காலத்தில் எவ்வளவு அகலத்தில் தெரு விடப்பட்டதோ, அவ்வளவுதான் மாநகராட்சிக்கும் கிடைக்கும். பெயர்ப்பலகையை மாற்றுவது எளிது; இரு புறமும் வீடு எழுந்துவிட்ட தெருவை அகலமாக்குவது எளிதன்று.

2022ஆம் ஆண்டில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இன்று டிராக்டர் ஓடும் எத்தனையோ வயல்கள் இவ்வெல்லைக்குள் இருக்கின்றன. கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர் ஆகிய நகரங்களை அடுத்த ஊர்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆகவே இது சென்னைக்கு மட்டும் உரிய பிரச்சினை என்று எவரும் எண்ணிவிடலாகாது.

பத்து ஏக்கர் கணக்கு

ஒரு மனைப்பிரிவு ஊருக்கு என்ன கொண்டுவருகிறது என்பதை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம்.

பத்து ஏக்கர் வயல் மனையாகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சாலைகளுக்கு நூற்றுக்கு முப்பது பங்கும், எஞ்சியதில் பூங்கா முதலிய திறந்தவெளிக்குப் பத்தில் ஒரு பங்கும் போக, அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி அளவில், ஏறத்தாழ 220 மனைகள் கிடைக்கும். வீட்டுக்கு நால்வர் எனக் கொண்டால் 880 பேர். பல ஊர்களில் இது பழைய ஊரின் மக்கள் தொகையில் பாதிக்குச் சமம்.

ஊரகக் குடிநீர்த் திட்டத்தின் அளவான, ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும், நாள்தோறும் 48,400 லிட்டர் நீர் வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும். அதாவது நாள்தோறும் 38,000 லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் எங்கேனும் சென்று சேர்ந்தாக வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அது வீட்டுக் குழிக்குள்ளும், அங்கிருந்து நிலத்தடி நீருக்குள்ளும், குழி நிரம்பினால் மழைநீர்க் கால்வாய்க்குள்ளும் போய்ச் சேருகிறது.

மழைநீர்க் கணக்கு இதனினும் பெரிது. பத்து ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 20 லட்சம் லிட்டர். அது வயலாக இருந்தபோது வரப்புகள் அந்நீரைத் தேக்கின, மண் குடித்தது, மிகுந்தது மெதுவாக மடை வழியே வடிந்தது. அதே இடத்தில் ஓட்டுக்கூரையும் தளமும் சிமெண்டுச் சாலையும் வந்த பின்னர், விழும் நீரில் பெரும்பகுதி ஒரே சமயத்தில் ஓடத் தலைப்படும். ஓடுவதற்கு வழி விட்டிருந்தால் கால்வாய்க்குப் போகும். விடாவிட்டால் தாழ்ந்த வீட்டுக்குள் போகும்.

சாலைக் கணக்கைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. 220 வீடுகளிலிருந்து எத்தனை இரு சக்கர வண்டிகள், எத்தனை கார்கள், காலை எட்டு மணிக்கு எத்தனை பள்ளி வேன்கள் புறப்படும் என்பதை அங்கத்தினர்கள் தாமே ஊகிக்கலாம். இவையனைத்தும் மனைப்பிரிவின் உட்சாலையில் ஓடி முடிந்துவிடுவதில்லை. ஊர்ச் சாலைக்கு வந்தே தீரும். உட்சாலை 24 அடி. அது வந்து சேரும் ஊர்ச்சாலையோ, மாட்டு வண்டிக் காலத்தில் போடப்பட்ட 12 அடி. இதுவே நம் இடர்ப்பாட்டின் மூலம்.

நான் கற்ற பாடம்

பிறர் குறையை எடுத்துக் கூறுமுன் என் குறையைக் கூறிவிடுவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், நகரை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் நான் பணியேற்றேன். அங்குள்ள ஒரு கிராமத்தில், நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் செல்லும் ஒரே சாலையை ஒட்டி, அடுத்தடுத்து மூன்று மனைப்பிரிவுகள் அமைந்தன. மூன்றாவது மனைப்பிரிவின் சாலைகளை ஊராட்சிக்கு ஒப்படைக்கும் தானப்பத்திரக் கோப்பு என் மேசைக்கு வந்தது. நான் நேரில் சென்றேன். நாடா பிடித்து அளந்தேன். சாலையின் அகலம் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தது. கப்பியும் கிராவலும் ஒழுங்காகப் பரப்பப்பட்டிருந்தன. ஏற்றுக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்த மனைப்பிரிவின் குறுக்கே ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாய் ஒன்று ஓடிற்று. அதை எவரும் மூடவில்லை, வரைபடத்திலும் மறைக்கவில்லை. ஆறடி அகலமும் மூன்றடி ஆழமும் உடைய அக்கால்வாயைச் சாலை கடக்கும் இடத்தில் மட்டும் ஒரு குழாயைப் பதித்து மேலே மண் கொட்டியிருந்தார்கள். குழாயின் விட்டம் இரண்டடி. கால்வாயின் குறுக்களவு 18 சதுர அடி. குழாயின் குறுக்களவோ மூன்று சதுர அடிக்குச் சற்றே அதிகம். ஆறு பங்கு நீர் வரும் வழியை ஒரு பங்காகச் சுருக்கியிருந்தார்கள். சாலையின் மேலே நின்று அகலம் அளந்த நான், இறங்கிச் சென்று அக்குழாயைப் பார்க்கவில்லை.

அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை வலுத்தது. குழாயின் வாயில் செத்தையும் நெகிழிப் பைகளும் அடைத்துக்கொண்டன. நீர் பின்வாங்கி மேற்புறத்து வயல்களில் ஏறிற்று. பொதி கட்டும் தறுவாயில் இருந்த சம்பாப் பயிர் ஒன்பது நாள் நீருக்குள் கிடந்து அழுகியது. கீழ்ப்புறத்திலோ, அவ்வளவு மழை பெய்தும் ஏரி கலங்கல் ஓடவில்லை. மேலே வெள்ளம், கீழே வறட்சி. இரண்டுக்கும் காரணம் ஒரே குழாய்.

அதே மழையின்போது ஓர் இரவு, மனைப்பிரிவில் குடியிருந்த ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. 108 வண்டி நெடுஞ்சாலை வரை வந்துவிட்டது. 12 அடிச் சாலையில் செங்கல் ஏற்றிவந்த லாரி ஒன்று ஓரத்துச் சேற்றில் புதைந்து நின்றதால் அதற்கு மேல் வர இயலவில்லை. பழைய ஊரைச் சேர்ந்த இளைஞர்கள் அப்பெண்ணை ஒரு டிராக்டர்ப் பெட்டியில் வைத்து, வயலோரமாக ஒரு பர்லாங்கு தூரம் ஓட்டிச் சென்று வண்டியில் சேர்த்தனர். தாயும் சேயும் நலமுற்றனர் என்பது நம் நற்பேறு. நம் நிர்வாகத்தின் பெருமையன்று.

மறுநாள் நான் சென்றபோது, நான்கு ஏக்கர் பயிரை இழந்த முதியவர் ஒருவர் வரப்பில் நின்றிருந்தார். சினந்து பேசுவார் என எதிர்பார்த்தேன். அவர் அமைதியாகவே கேட்டார்: “ஐயா, ரோட்டுக்கு அளவு பார்த்தீர்கள். தண்ணீருக்கு அளவு பார்த்தீர்களா?”

அக்கேள்விக்கு விடை கூற என்னால் இயலவில்லை. அன்றிலிருந்து எந்தச் சாலைக் கோப்பு வந்தாலும், அச்சாலை எங்கே போய் முடிகிறது, அதன் அடியில் நீர் எங்கே போய் முடிகிறது என்ற இரண்டையும் நடந்து பார்த்த பின்னரே எழுதுகோலை எடுக்கிறேன்.

2015ஆம் ஆண்டு காட்டியது

ஒரு கிராமத்தில் ஒரு குழாய் செய்ததைப் பெரிய அளவில் காட்டியது 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து மழை. டிசம்பர் 1ஆம் நாளிலிருந்து மறுநாட் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாம்பரத்தை அடுத்த முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்போது கிராம ஊராட்சிகள். அடையாற்றின் மேற்பகுதியில் அமைந்த அவ்வூர்களில், மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரி நீர் பெருகிவந்து, புதிய குடியிருப்புகளை முற்றுகையிட்டது. வீடுகளின் முதல் மாடி வரை மக்கள் ஏறி நின்றனர், படகுகளில் மீட்கப்பட்டனர்.

அத்தகைய மழை எங்கு பெய்தாலும் தீங்கு விளையும் என்பது உண்மையே. ஆயினும், ஏரி நிரம்பினால் நீர் போகும் போக்குக்கால்வாய்கள் குறுகியும், ஆற்றின் வெள்ளப் பரப்பில் தெருக்கள் அமைந்தும் இருந்ததே தீங்கைப் பன்மடங்காக்கிற்று. அதன்பின் அரசு பெரும் பொருட்செலவில் அடையாற்றை அகலப்படுத்தி, மூடு கால்வாய்களையும் அமைத்தது. வயலாக இருந்த காலத்தில் வரைபடத்தில் ஒரு கோடு இழுத்துக் காத்திருக்கக்கூடிய வழியை, வீடுகள் எழுந்த பிறகு கோடிக்கணக்கில் செலவிட்டுப் பூமிக்கடியில் தேட வேண்டியதாயிற்று.

சட்டம் தந்துள்ள பிடிகள்

“மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது மேலே உள்ளவர்கள், நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று அங்கத்தினர்கள் பலர் கேட்பதுண்டு. இது பாதி உண்மை. மனைப்பிரிவின் அமைப்பை ஆராய்வது நகர் ஊரமைப்பு இயக்ககமும், சென்னைப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும்தான். ஆயினும் சாலைகளும் திறந்தவெளியும் தானமாக ஊராட்சிக்கே வந்து சேர்கின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளும் கை ஊராட்சியின் கை. வாங்குமுன் பார்க்கும் கடமையும் அதற்கு உண்டு.

10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் பத்தில் ஒரு பங்கு பொதுத் திறந்தவெளியாக விடப்பட வேண்டும். இந்நிலம் ஊராட்சியின் சொத்து. பல ஊர்களில் இது எங்கே இருக்கிறது என்பதே மன்றத்துக்குத் தெரியாமல் முட்செடி மண்டிக் கிடக்கிறது. சில ஊர்களில் அதன் மேல் எவரோ கொட்டகை போட்டிருக்கிறார்கள்.

ஒப்புதல் பெறாத மனைகளின் கதை வேறு. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதன்பின், 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. வரன்முறை என்பது வாங்கியவரின் பத்திரத்துக்குப் பாதுகாப்புத் தரும். இல்லாத சாலையை உண்டாக்கித் தராது. பத்தடிச் சந்தாக விடப்பட்ட தெரு, வரன்முறைப்பட்ட பின்னரும் பத்தடிச் சந்தே.

2024ஆம் ஆண்டு ஜூலையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் இணையவழியே உடனடியாக அனுமதி பெறும் முறை வந்தது. சிறு குடும்பங்களுக்கு இது பெரும் உதவி. ஆனால் இதன் உட்பொருளை நாம் உணர வேண்டும். வீடு கட்டும் வேகம் கூடிவிட்டது. ஆதலின் ஒவ்வொரு வீடாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்றிருப்பது இனிப் பயன்படாது. மனை பிரியும்போதே சரியாகப் பிரிய வேண்டும்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

முதலாவது, நீர்வழிப் பதிவேடு. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டிலும் கிராம வரைபடத்திலும் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, களம், மேய்க்கால் ஆகிய புறம்போக்குகள் அனைத்தும் புல எண்ணுடன் உள்ளன. கிராம நிர்வாக அலுவலரின் துணையுடன் அவற்றை ஒரு நோட்டில் எடுத்தெழுதி, ஊரின் முதியோர் இருவரையும் அழைத்துக்கொண்டு நேரில் நடந்து பார்த்தல் வேண்டும். எந்த வாய்க்கால் எந்த ஏரிக்குப் போகிறது என்பதைக் காகிதத்தைவிட அவர்கள் நன்கறிவர். இதற்கு ஆகும் செலவு இரண்டு நாள் நடை மட்டுமே. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கென 2007ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. ஆனால் இருந்த வாய்க்கால் எங்கே என்று காட்டத் தெரியாத ஊருக்கு எச்சட்டமும் உதவாது.

இரண்டாவது, சாலை எல்லை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்கு வரும் சாலை இன்று 12 அடியாக இருப்பினும், நாளைக்கு எத்தனை அடி வேண்டும் என்பதைக் கிராம சபையில் இன்றே பேசித் தீர்மானமாக நிறைவேற்றி, ஊரமைப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அச்சாலையை ஒட்டி வரும் ஒவ்வொரு மனைப்பிரிவும், முகப்பில் சில அடி நிலத்தைச் சாலை அகலப்படுத்த விட்டுக்கொடுக்க வேண்டுமென ஒப்புதலின்போதே நிபந்தனை கேட்க வேண்டும். மனை பிரியும்போது அது சில சென்ட் நிலம். பிரிந்து விற்ற பிறகு அதே நிலத்துக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேச வேண்டியிருக்கும். நான் மேலே கூறிய கிராமத்தில் இதுவே நேர்ந்தது. சாலை முழுவதையும் அகலப்படுத்தப் பொருள் போதாமையால், மூன்று இடங்களில் வண்டிகள் ஒதுங்க இடம் அமைத்ததோடு நின்றுவிட்டோம்.

மூன்றாவது, ஏற்குமுன் நடை. தானமாக வரும் சாலையைத் தலைவரும் அந்த வார்டு அங்கத்தினரும் ஒன்றிய மேற்பார்வையாளருடன் ஒருமுறை முழுவதும் நடந்து பார்க்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும். அகலம் வரைபடத்தின்படி உள்ளதா? அடித்தளம் ஒழுங்காக இறுக்கப்பட்டுள்ளதா? கால்வாயைக் கடக்கும் சிறுபாலத்தின் திறப்பு, கால்வாயின் குறுக்களவுக்குக் குறையாமல் உள்ளதா? இம்மனைப்பிரிவின் மழைநீர் கடைசியாக எங்கே போய் விழுகிறது? நான்காவது கேள்விக்கு விரல் நீட்டிக் காட்டக்கூடிய விடை கிடைக்காவிடில், ஏற்பதற்கு அவசரப்பட வேண்டாம்.

நான்காவது, சாலை மட்டம். ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மீதே புதிய தளம் போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகிறது. வீடு பள்ளத்தில் விழுகிறது. பின்னர் வருபவர் மேலும் உயர்த்திக் கட்டுகிறார். பழைய வீட்டுக்காரர் வெள்ளத்தில் மாட்டிக்கொள்கிறார். பழைய தளத்தைச் சுரண்டியெடுத்த பின்னரே புதுத் தளம் போட வேண்டுமென 2021ஆம் ஆண்டில் தலைமைச் செயலாளர் துறைகளுக்கு அறிவுறுத்தினார். நம் ஊராட்சிச் சாலைகளிலும் அதைக் கடைப்பிடித்தல் நலம்.

ஐந்தாவது, கழிவுநீர். செப்டிக் டேங்க்கின் மிகுநீரை மழைநீர்க் கால்வாயில் விடும் குழாய்களைத் தொடக்கத்திலேயே தடுக்க வேண்டும். ஒரு வீட்டார் விட்டதைக் கண்டும் காணாதிருந்தால், அடுத்த ஆண்டு தெருவே விடும். அதற்கடுத்த ஆண்டு ஏரி நீர் நாறும். மனை அளவு இடம் தரும் இடங்களில் உறிஞ்சு குழி அமைக்கவும், தொட்டியைக் காலந்தோறும் உரிமம் பெற்ற வண்டியைக் கொண்டே காலி செய்யவும் வீட்டாரை அறிவுறுத்த வேண்டும்.

ஆறாவது, வீட்டு வரி. புதிதாகக் கட்டிய வீடுகள் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் வரிப் பதிவேட்டில் ஏறுவதில்லை. தெருவிளக்கும் குடிநீரும் மட்டும் கேட்கப்படுகின்றன. காலாண்டுக்கு ஒருமுறை தெருத் தெருவாகச் சென்று பதிவேட்டை ஒப்பிட்டால், ஊராட்சியின் சொந்த வருவாய் கண்கூடாக உயரும். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் சாலை, சிறுபாலம், வடிகால், தெருவிளக்கு, குடிநீர் ஆகியவற்றை ஊராட்சியின் கடமைகளாக வைத்திருக்கிறது. வருவாயைத் தேடாமல் கடமையை ஆற்ற எவராலும் இயலாது. அவ்வாறு வந்த வரியில் ஒரு பங்கையேனும் அத்தெருவின் வடிகாலுக்கே செலவிட்டுக் கணக்கைக் கிராம சபையில் படித்துக் காட்டினால், அடுத்த ஆண்டு வரி கேட்காமலே வரும்.

நிலம் விற்கும் உழவருக்கு

உழவர் தம் நிலத்தை விற்பது அவர் உரிமை; மகள் திருமணமோ, மகன் படிப்போ, கடன் சுமையோ காரணமாயிருக்கலாம். அதில் குறை கூற எவருக்கும் இடமில்லை. ஆனால் விற்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

முன்புறத்து நிலத்தை விற்றுப் பின்புறத்து நிலத்தை வைத்துக்கொள்வோர், பின்புறத்துக்கு வண்டி போகும் பாதையையும் நீர் போகும் வாய்க்காலையும் அகலம், நீளம், புல எண் ஆகியவற்றுடன் கிரயப் பத்திரத்திலேயே எழுதி, வரைபடமும் இணைக்க வேண்டும். “வாங்குகிறவர் நல்லவர், வழி விடுவார்” என்ற வாய்ச்சொல் அவர் மறுநாள் வேறொருவருக்கு விற்றவுடன் மறைந்துவிடும். அறுவடை இயந்திரம் வயலுக்குள் போக வழியின்றி நல்ல நிலத்தைத் தரிசாகப் போட்டு, கடைசியில் கேட்ட விலைக்கு விற்றுவிட்டுப் போன உழவர்களை நான் அறிவேன்.

இரண்டாவதாக, தம் நிலத்தின் வழியே பரம்பரையாகப் பிறர் வயலுக்குச் சென்ற நீரை, விற்பவர் வாங்குபவரிடம் வெளிப்படையாகக் கூற வேண்டும். பட்டா நிலத்தில் ஓடும் வாய்க்கால்கள் சில கிராம வரைபடத்தில் இருப்பதில்லை. அவற்றை அறிந்தவர் விற்பவர் ஒருவரே. அவர் வாய் திறக்காவிட்டால், அந்த வாய்க்கால் ஒரே நாளில் மண்ணுக்குள் போய்விடும்.

வந்தவர்களும் நம்மவரே

மனைகளை ஒழுங்குபடுத்துவது பற்றிப் பேசினால், புதிதாக வருவோரை விரும்பவில்லை என்று சிலர் பொருள்கொள்கின்றனர். அவ்வாறன்று. நகரத்தில் வாடகை தாளாமல், ஆயுட்காலச் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து அரை கிரவுண்டு வாங்கி வருவோர் ஆலைத் தொழிலாளரும் ஆசிரியரும் ஓட்டுநரும் சிறு வணிகருமே. அவர்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தால் இழப்பது இருபது ஆண்டு உழைப்பை. பழைய ஊரார் வடிகாலைக் காப்பது தம் பயிருக்காக. புதிய ஊரார் காப்பது தம் வீட்டுக்காக. இரு சாராருக்கும் கால்வாய் ஒன்றே.

ஆதலின் கிராம சபைக்குப் புதிய தெருவினரையும் அழைக்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் கிராம சபை நாட்களாயின. இவற்றுள் மார்ச் 22ஆம் நாளை நீர்வழிப் பதிவேட்டைப் படிக்கும் நாளாக ஊராட்சி தானே வைத்துக்கொள்ளலாம். கோடையில் கால்வாய் காய்ந்திருக்கும். நடந்து பார்க்கவும் தூர் எடுக்கவும் அதுவே ஏற்ற காலம். நவம்பர் 1ஆம் நாள் கூடும்போது மழை தொடங்கிவிட்டிருக்கும். செய்த வேலை சரியா என்பதை மழையே சொல்லிவிடும்.

முடிவாக

நான் குறிப்பிட்ட கிராமத்தில் அந்த இரண்டடிக் குழாயைப் பிடுங்கியெறிந்து, கால்வாயின் முழு அகலத்துக்கும் சிறுபாலம் கட்டினோம். அதற்கு நிதி பெற்று வேலை முடிய இரண்டு பருவமழைகள் கடந்துவிட்டன. தொடக்கத்திலேயே கேட்டிருந்தால், மனை பிரித்தவர் தம் செலவிலேயே கட்டித் தந்திருப்பார். ஒரு கேள்வியை உரிய காலத்தில் கேளாததன் விலை, ஓர் உழவரின் ஒரு போகமும், ஊர்ப் பணத்தில் ஒரு பாலமும் ஆகும்.

பாலம் முடிந்த ஆண்டு ஏரி கலங்கல் ஓடியது. முதியவர் அப்பாலத்தின் மீது நின்று நீர் போவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இப்போது தண்ணீருக்கும் அளவு சரி” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார்.

அங்கத்தினர்களே, உழவர்களே! உங்கள் ஊரில் அடுத்த எல்லைக்கல் நடப்படும் நாள் வெகு தொலைவில் இல்லை. அதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, ஊரின் நீர்வழிகளையும் நடைவழிகளையும் நடந்து பார்த்து எழுதி வையுங்கள். வீட்டுக்கு முன் வழி, வழிக்கு முன் வடிகால் என்ற வரிசையை நாம் காத்தால், நாளை நம் ஊர் நகரமானாலும் நல்ல நகரமாகவே ஆகும்.